பொத்தோசியில் தோண்டாமல் திறந்த சுரங்கம்

மலையளவு மனம் கொண்ட அவைத்தலைவி தோன்யா காசிமிரா அவர்களே! மலைக்குள்ளே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மீதி ஆயுளில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் சுரங்கப் பெரியவர்களே! சந்தைக் கடைகளைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஆய்வகத்து இயந்திரக் கைகளே! வணக்கம்.

பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். பயத்தை மட்டும் விடத் தெரியாதவள். என்ன? "சத்தமா பேசுடி யோவானா"வா? பேசுகிறேன், அத்தை, பேசுகிறேன்!

ஆய்வக வாசலில் கறி அடைத்த சால்தேன்யா சுட்டு விற்பவள் என்பதால், சுரங்கம் வந்த கதையைச் சொல்ல என்னை ஏற்றிவிட்டார்கள்.

சாலை மறியல் நடந்த வாரம் அது. மாணவி நெய்டாவுக்குத் தேர்வு. இயந்திரக் கையை இயக்கிக் கோப்பையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் ஓராண்டு போச்சு! கை இங்கே. நெய்டா எங்கே? ஒருரோ நகரத்தில்! நடுவே என்ன? டயர் எரிகிறது, லாரி நிற்கிறது, மறியலின் முதல் வரிசையில் அவளைப் பெற்ற அப்பாவே நிற்கிறார்!

இணையம் வழியே இயக்கலாமே? இயக்கலாம். ஆனால் முன்பு ஒருமுறை வழியைத் திறந்துபோட்டபோது, முகம் தெரியாத எவனோ நுழைந்து, இயந்திரக் கையாலேயே ஆய்வக இயக்குநரின் தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டான். ஆகவே பொறியாளர் எஃப்ராயின், சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனிவழி ஒன்றை அமைத்தார். அதற்கு வி.பி.என். என்று பெயர்; பொறியாளர்கள் செல்லமாகச் 'சுரங்கம்' என்பார்கள். வி.பி.என். என்ற பெயரைச் சொன்னாரா? இல்லையே! "இன்னிக்குச் சுரங்கம் திறக்கிறோம்" என்றார். எங்கே? வெள்ளிச் சுரங்கத்துக்கே பேர்போன பொத்தோசியில்!

வந்துவிட்டார் பழைய சுரங்கக்காரர் தோன் செவேரோ, துளைக்கருவியோடு. "சுரங்கத்துச் சாமி மாமனுக்குப் படைக்காம எவன்டா சுரங்கம் திறக்கிறது?"

"ஐயா, இது கண்ணுக்குத் தெரியாத சுரங்கம்ங்க."

"தெரியிற சுரங்கத்துலயே மாமன் ஆள முழுங்குறாரு. தெரியாததுக்கு ரெண்டு பங்கு ஊத்தணும்!"

கோக்கா இலையைத் தூவினார். சாராயத்தைத் திறந்தார். "சுரங்க வாய் எது?" என்றார். அப்பாவிப் பொறியாளர், விளக்கு மினுக்கிய பெட்டியைக் காட்டினார். அதன்மேல் ஊற்றினார் பாருங்கள் தோன் செவேரோ! விளக்கு போச்சு, வழி போச்சு, பொறியாளருக்குப் பாதி உயிரும் போச்சு!

சிரிக்காதீர்கள், தோன் செவேரோ! எங்கள் அடுப்பின் கதகதப்பில், சால்தேன்யாக்களுக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டியைக் காயவைத்தோம். தேர்வாளரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் பெட்டியைப் பார்த்தோம். மினுக்கியது! படம் வரவில்லை, யாருடையது என்றே தெரியாத கரகரத்த குரல் மட்டும் வந்தது: "வந்துட்டேன்!"

"நெய்டாதான்னு எப்படி நம்புறது?" என்றார் தேர்வாளரம்மா. "தொப்பிக்காரனா இருந்தா?"

அதற்குள் கை எழுந்தது. குடுவையைத் தூக்கியது. ஐயோ! கோப்பைக்குப் போகுமுன் தரையில் சில சொட்டுகளை விட்டது!

"சிந்திடுச்சு" என்று பேனாவை எடுத்தார் தேர்வாளரம்மா.

ஜன்னலிலிருந்து தோன் செவேரோ கத்தினார்: "சிந்தலம்மா! பூமித்தாய்க்குக் கொடுத்திருக்கா!"

நெய்டா சொன்னாள்: "எப்பவும் முதல்ல அவளுக்குத்தானேம்மா ஊத்துவேன். கை பழகிப்போச்சு."

பேனா மேசைக்குத் திரும்பியது. "மிச்சத்தையும் ஊத்து, பாப்போம்." ஊற்றினாள். ஒரு சொட்டாவது சிந்தியதா? இல்லை!

சாவியைத் திருடலாம். சங்கேதச் சொல்லைத் திருடலாம். பழக்கத்தை எவன் திருடுவான்? தொப்பியைக் கழற்றியவன் பூமித்தாய்க்கு ஊற்றுவானா? அப்படிச் சொல்லி அவளைத் தேர்ச்சி பெறச் செய்த தேர்வாளர்தான், இதோ, நம் அவைத்தலைவி!

கேட்டவர்களுக்கு நன்றி. கோப்பையை எடுக்கும்போது முதல் துளியைப் பூமிக்குக் கொடுங்கள். பெட்டிக்கு மட்டும் வேண்டாம்! வணக்கம்.