எஃப்-9 விசையை அமுக்கியது நான்தான்

பெயர் மெஹராஜ் பேகம், வயது 51, கணவர் பெயர் சேக் தாவூது, குடவாசல். கணவர் மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறார். தொழில் என்னவென்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டதற்கு வீட்டு வேலை என்றேன். சம்பளமில்லாமல் மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலையும் பார்க்கிறேன், அதை எழுத வேண்டாம் என்றேன். ரைட்டர் எழுதிவிட்டார்.

என் மகன் ஜாஹித் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறான். ஒரத்தநாடு துரைராசு என்பவரின் இரண்டு அறுவடை மெஷின்களுக்குப் பதிவு செய்யும் ஆப்பை அவன்தான் செய்துகொடுத்தான். எந்த வயலுக்கு எப்போது மெஷின் வரும் என்று விவசாயிகளின் போனுக்கு அதிலிருந்து செய்தி போகும். அவனுக்குத் தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் நற்சான்று கொடுத்தால்தான் விசா. அப்படிப் போன ஒரு செய்தியால் வந்த இந்தப் புகாரில் அவன் பெயரில் வழக்குப் பதிவானால் அது போய்விடும் என்பதால் நடந்ததைச் சொல்ல நானே வந்தேன்.

அவன் சாப்பிடும்போதும் கம்ப்யூட்டரை மூடமாட்டான். வலது கையில் மீன்குழம்பு, இடது கையில் போன். "ஓட்டுங்கம்மா" என்பான். ஓட்டுவது என்றால் எழுதியது சரியாக நடக்கிறதா என்று சோதிப்பது. அப்போது செய்தி அவன் போனுக்கு மட்டும் வரும். முதலில் மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கச் சொன்னான். ஒரு கையில் கரண்டியோடு மூன்று விசை அமுக்க நான் என்ன ஆர்மோனியமா படித்திருக்கிறேன் என்று கேட்டேன். அதன் பிறகு அவன் புரோகிராம் எழுதும் எடிட்டரில் எதையோ மாற்றி, எஃப்-9 என்ற ஒரே விசையில் வைத்துக்கொடுத்தான். அதன் பிறகு குழம்பு ஊற்றுவதும் எஃப்-9 அமுக்குவதும் எனக்கு ஒரே வேலையாகிவிட்டன.

சென்ற வாரம் துரைராசு அவசரப்படுத்தினார் என்று, எல்லோருக்கும் செய்தி அனுப்புவதை எஃப்-9க்கும், சோதனையை எஃப்-8க்கும் மாற்றியிருக்கிறான். சர்க்கரை டப்பாவை இடம் மாற்றினால்கூட நான் நாலு பேரிடம் சொல்வேன். இவன் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். மறுசோறு போட்டேன். "ஓட்டுங்கம்மா" என்றான். வழக்கம்போல எஃப்-9ஐ அமுக்கினேன். பதிவு செய்திருந்த அத்தனை பேருக்கும், நாளைக் காலை உங்கள் வயலுக்கு மெஷின் வரும் என்று போய்விட்டது. தவறுதலாகப் போனது என்று அவன் அனுப்பிய அடுத்த செய்தியை யாரும் நம்பவில்லை. போட்ட சோறும் வீணானது.

மழையில் சம்பாக் கதிர் சாய்ந்து கிடந்த நேரம். மறுநாள் காலை ஆளாளுக்கு மெஷினைத் தன் வயலுக்குத் திருப்பப் பார்த்ததில் வாய்க்கால் பாலத்தில் கைகலப்பாகி, வைரக்கண்ணு என்பவருக்கு நெற்றியில் காயம் பட்டது. அதன் பிறகு அவர், வேண்டியவர்களுக்கு மெஷினை ஒதுக்கிவிட ஜாஹித் வேண்டுமென்றே செய்தான் என்று புகார் கொடுத்தார். அன்றே கம்ப்யூட்டரைப் போலீஸார் எடுத்துவந்தனர்.

இன்று, விசாரணைக்கு வரச்சொல்லியிருந்த ஜாஹித்தும் கூட இருக்க, நான் இதையெல்லாம் சொன்னதும் எஸ்.ஐ. இராஜாங்கம் சிரித்தார். "புள்ளையக் காப்பாத்த எல்லா அம்மாவும் சொல்றதுதாங்க. எங்க, அமுக்கிக் காட்டுங்க" என்று கம்ப்யூட்டரைத் திறந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த ஜாஹித்தின் போனிலிருந்து அதற்குத் தானாகவே நெட் கிடைத்துவிட்டது. "சார், நெட் இருக்கு, வேணாம் சார்" என்று ஜாஹித் சொன்னான். அவனைக் கைகட்டிச் சுவரோரம் நிற்கச் சொன்னார். நானும் வேண்டாம் என்றேன். "அட, அமுக்குங்கம்மா" என்றார். போலீஸ் சொல்லைத் தட்டக்கூடாது என்பதால் அமுக்கினேன்.

அதன் பிறகு வாசல் பெஞ்சில் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த வைரக்கண்ணுவின் போன் ஒலித்தது. அதன் பிறகு ரைட்டரின் போன். அதன் பிறகு எஸ்.ஐ.யின் போன். புகார் வந்த பிறகு இருவருமே அந்த ஆப்பில் பதிவு செய்திருப்பதும், எஸ்.ஐ.க்கும் வலங்கைமான் பக்கம் சாய்ந்த நெல் இருப்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வைரக்கண்ணு உள்ளே வந்து பார்த்தார். "தம்பி கையக் கட்டிக்கிட்டுல்ல நிக்கிது. அப்ப இது அக்கா வேலதான். புகார நான் வாபஸ் வாங்கிக்கிறேன் சார். அக்கா, நாளைக்காச்சும் மெஷின் வருமா, வராதா?" என்றார்.

எஸ்.ஐ. தம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "ஏம்மா, எனக்கு வந்தது நெசமா இருக்குமா?" என்று கேட்டார். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ரைட்டர் எழுதிவிட்டார்.

மேற்கண்டவை யாவும் உண்மை. விசையை அமுக்கச் சொன்னதைத் தவிர, என்னை யாரும் எதற்கும் வற்புறுத்தவில்லை. படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) மெஹராஜ் பேகம்