டாக்கில் விளக்கு எரியவில்லை

"ஹலோ… ஹலோ, வாலு? நான்தான்… ஆமா, ஆமா, அண்ணிதான். இங்க எல்லாம் இருட்டு… ஐயோ, கரண்ட் இருக்கு! மானிட்டர்தான் இருட்டு. புதுசா வாங்கினேனே, டாக்கிங் ஸ்டேஷன்… அதேதான்… சரி, நீ சிரிச்சு முடி. நான் காத்திருக்கேன்."

வாலு என்பது நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் தொழில். போன வாரம் தானே வந்து மாட்டித் தருவதாக அவள் சொன்னபோது, பெட்டிமேல் படம் போட்டிருக்கிறது, பார்த்துச் சொருக எனக்குத் தெரியாதா என்று அண்ணி ஜம்பமாகப் பேசியிருந்தாள். இப்போது மணி பத்து இருபது. பத்தரைக்கு அண்ணி வேலைக்கு உட்கார வேண்டும்.

"சிரிச்சாச்சா? இப்பக் கேளு. மெல்லிசான லேப்டாப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கினேன் பாரு, அதுல மொத்தமே ரெண்டு துளை. ஒண்ணுல சார்ஜர். மிச்சம் ஒண்ணுல மானிட்டர், கேமரா, நெட் வயர் மூணையும் எங்க சொருகறது? அதுக்குத்தான் இந்தப் பெட்டி. எல்லாத்தையும் இதுல சொருகிட்டு, இதுலேர்ந்து ஒரே ஒரு வயர் லேப்டாப்புக்கு… பார்த்தியா, பாடம் நடத்தச் சொன்னா நல்லா நடத்தறேன்… ஆமா, அதுக்கு மட்டும்தான் லாயக்கு."

அண்ணி சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில், வீட்டில் உட்கார்ந்தபடி வீடியோவில் பேசுகிறவள். போன மாதம் வைஃபையை நம்பி உட்கார்ந்தாள். எதிரே மணிக்கட்டில் நரம்பு நசுங்கிய ஒரு தையல்காரப் பெண், பிறவியிலேயே காது கேளாதவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரம் வலது கையை அசைக்கக் கூடாது, அப்புறம் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வலது கையை அசைக்கக் கூடாது என்பது வரை இவள் சொல்லியிருந்தபோது படம் உறைந்துவிட்டது. இவளுடைய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணுக்கு அந்தக் கைதான் பிழைப்பு, அந்தக் கைதான் பேச்சு. இனி எப்போதுமே கூடாது என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நர்ஸ் மூன்று வாரம் கெஞ்சிய பிறகு இன்றைக்குத்தான் மறுபடி வர ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இதை இவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியின் விஷயம் வெளியே போகக் கூடாது என்பது பாதி. மீதி வெட்கம்.

"லைட்டா? அதுல லைட்டு வேற எரியணுமா? … இல்லியே… பவரா? லேப்டாப்லேர்ந்து அதுவே எடுத்துக்காதா? … ஓ… தனி அடாப்டரா? இரு, பெட்டிக்குள்ள செங்கல் மாதிரி ஒண்ணு கிடந்துது… ஸ்பேர்னு நினைச்சேன்… எதுக்கு ஸ்பேரா? எனக்கென்ன தெரியும், கடைக்காரர் நல்லவர்னு நினைச்சுட்டேன்!"

பிளக் இருந்தது மேஜைக்கு அடியில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் முட்டி போட்டுத் தவழ்ந்தாள்.

"தவழ்ந்துட்டிருக்கேன்… ஆமா, இந்த வயசுல… அம்மா! … ஒண்ணுமில்ல, தலை. மேஜைக்கு ஒண்ணும் ஆகலை… இரு… வந்துடுச்சு, வாலு! வெள்ளை லைட்டு! உனக்குக் கோயிலே கட்டலாம்… மானிட்டரா? … இல்ல. 'சிக்னல் இல்லை'ங்குது. கோயில் கேன்சல்."

மணி பத்து இருபத்தாறு.

"எந்தத் துளையா? ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே அச்சு… பக்கத்துல மின்னல் படமா? கண்ணாடி எங்க… தலைமேல இருக்கு… ம், ஒண்ணுல மின்னல் இருக்கு, இன்னொண்ணு மொட்டை… வயரு மொட்டையிலதான். மின்னல்ல சார்ஜர்… அப்போ மொட்டையில படம் போகவே போகாதா? ரெண்டுல ஒண்ணைத் தப்பாக் கண்டுபிடிக்கறதும் ஒரு தெறமைதான்… சார்ஜரைப் பிடுங்கினா லேப்டாப் செத்துடாது? … டாக்கே சார்ஜும் பண்ணுமா? அடேங்கப்பா! … சரி. பிடுங்கறேன். சொருகறேன்…"

பெரிய மானிட்டர் ஒரு முறை கண்சிமிட்டியது. பிறகு சுவர் அகலத்துக்கு வெளிச்சம்.

"வாலு… பேசாதே. மெதுவா… நான் லைவ்ல இருக்கேன்."

வீடியோ அழைப்பை அவள் முன்பே லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தாள். அவள் மேஜைக்கு அடியில் இருந்தபோதே நர்ஸ் அவளை உள்ளே அனுமதித்திருந்தாள். லேப்டாப்பின் சொந்தக் கேமரா அத்தனையையும் காட்டியிருந்தது. தவழ்ந்தது, தலை இடித்தது, கோயில் கட்டியது எல்லாம். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார். தையல்காரப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஆனால் பார்த்திருந்தாள். வலது கை மடியில் கிடக்க, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்து இடது கையால் மெதுவாகச் சொன்னாள்: நான் பயந்துகொண்டு வந்தேன். நீங்கள் எனக்கும் மேலே பயந்திருக்கிறீர்கள்.

"என்ன சொல்றாங்கன்னு உன்கிட்டச் சொல்லக் கூடாது… எனக்கு ரெண்டு கையும் வேணும். போனை உள்ரூம் பீரோவுல வச்சுப் பூட்டறேன்… கட் பண்ணாதே, லைன்லயே இரு… பீரோவுக்குள்ள இருந்து நீ எப்படி உதவுவேன்னெல்லாம் கேக்காதே. இருந்தா எனக்குத் தைரியம், அவ்வளவுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, முதலில் தன் தப்பைச் சொன்னாள். போன தடவை பாதியில் நின்றது என் கை, உங்கள் கை நிற்காது என்றாள். பிறகு டாக்டர் பேசினார், இவள் கைகள் பேசின. எத்தனை நாளில் ஊசி பிடிக்கலாம் என்று அந்தப் பெண் மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் இவள் முழுதாகச் சொன்னாள். பெரிய திரையில் அந்த இடது கையின் விரல்களின் சின்ன அசைவுகூடத் தெரிந்தது. படம் ஒரு கணமும் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் அறுவை சிகிச்சைக்கான சம்மதக் காகிதத்தை இழுத்து, எழுதிப் பழகாத இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஹலோ… இருக்கியா? … நாப்பது நிமிஷமாவா? வேலையை விட்டுட்டா? … பைத்தியமாடி உனக்கு… முடிஞ்சுது. நல்லபடியா… அழலை… சரி, அழறேன். நல்லதுக்குத்தான். வாலு, சாயங்காலம் வரியா? … இல்ல, எல்லாம் வேலை செய்யுது. பெட்டிக்காக இல்ல. போன மாசம் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பேரு கீரு சொல்லாம யார்கிட்டயாவது சொல்லணும்… ஆமா… ஆமா… உங்க அண்ணன்கிட்ட இல்ல, உன்கிட்டதான்… சிரிக்கலாம், நடுவுல சிரிக்கற மாதிரியும் இருக்கும்… ம்… வா. நான் எதையும் தொடாம உக்காந்திருக்கேன். வச்சுடறேன்."