வளையல் தட்டு

சத்தியமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். "கொழந்தை இல்லாதவங்களே சேந்து வெச்ச குழு அம்மணி, எங்களுது. ஒம்பது பேரு இருக்கறோம்," என்றார் மூத்தவர். யாரைப் பார்த்தாலும் ‘எத்தனை பசங்க?’ என்று கேட்டுவிடும் என் வாயை அவசரமாகக் கடலையால் அடைத்தேன்.

"ஓரகத்தி வளைகாப்புல வளையல் போடப் போனனுங்க அக்கா. கொழந்தை இல்லாதவ போடக்கூடாதுன்னு அத்தை தட்டைப் புடுங்கிட்டாங்க. நாளைக்கு நாத்தனாவுக்கு வளைகாப்பு. போகவே பயமா இருக்குங்க," என்றாள் இளையவள்.

"நாத்தனா என்ன சொல்றா?"

"நாந்தான் மொதல்ல போடோணுமாங்க."

"அப்பறமென்ன கண்ணு? நாங்க ஒம்பது பேரும் கூட வாரோம். எத்தனை தட்டைப் புடுங்குவாங்க?"

இளையவள் சிரித்துவிட்டாள். எனக்கும் கடலை தொண்டையில் இறங்கியது. அவள் பைக்குள்ளிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்துக் காட்டினாள்.

"நேத்தே வாங்கிப்போட்டனுங்க அக்கா."