விதைப்பொடி டப்பா

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ஹீட்டர்தானே காரணம்? நல்லா குனிஞ்சு பாருங்க. மூணு நாளா மேனேஜர் என் உயிரை எடுக்கிறார். தொட்டியில செஞ்ச பொடி சரியில்லையாம். ரிப்பேர் பார்க்க வந்த நீங்க 'ஹீட்டர் கோளாறு'ன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. இல்லேன்னா என் கொழுந்தன் வேலை போயிரும்! அவன்தான் அன்னைக்குத் தொட்டியைப் பார்த்துக்கிட்டான். கால்ல விழாத குறையா கெஞ்சி நான்தான் சேர்த்துவிட்டேன். இப்ப மாமியார் என் மூஞ்சியில முழிக்கிறதே இல்ல.

என்ன பொடியா? அட, ஜிங்க் போரேட் சார்! கரண்டு ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்குல்ல, அது சட்டுனு தீப்பிடிக்காம இருக்கக் கலக்குறது. பொடிக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கு... தொட்டா ஈரமே தெரியாது. நெருப்பு வந்தாதான் வெளிய வரும். இந்தத் தடவை என்னடான்னா, ஒயர் கம்பெனியில பிளாஸ்டிக்கை உருக்கும்போதே புஸ்ஸுன்னு வந்துருச்சு. ஒயர் பூரா கொப்புளம்!

செய்யறது என்ன பெரிய வித்தையா? வெந்நீர்ல போரிக் ஆசிட், ஜிங்க் ஆக்சைடு, கூட ஒரு குவளை விதைப்பொடி. கொதிக்கிற பதத்துல மணிக்கணக்கா கிண்டணும். விதைப்பொடின்னா... போன தடவை நல்லா வந்ததுல கொஞ்சம் எடுத்து வெச்சிருப்போம், பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் புதுசும் அதே மாதிரி சேரும். கொழுந்தன் எல்லாத்தையும் சரியாத்தான் போட்டேங்கிறான். கூடவே, "அண்ணி, தொட்டி கமகமன்னு வாசனை அடிச்சுது"ங்கிறான்! போரிக் ஆசிட்ல ஏதுடா வாசனை, புத்தி எங்கடா மேயுதுன்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டேன். பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான்.

என்னது, ஹீட்டர் நல்லா இருக்கா? இன்னொரு வாட்டி பாருங்க சார்!

நான் அன்னைக்குப் பக்கத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? கேன்டீன்ல கேரம் ஃபைனல். பேக்கிங் செக்ஷன்காரிக்கும் எனக்கும் பத்து வருஷப் பகை. பாதி ஆட்டத்துல போர்டு பவுடர் காலி! காய் நகரவே மாட்டேங்குது. அவ சிரிக்கிறா சார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறா! விடுவேனா? லேபுக்கு ஓடினேன். அதோ, அந்த டப்பாவுல வெள்ளையா நைசா இருந்துச்சு, அவசரத்துல மேல எழுதியிருக்கிற பேரைக்கூடப் பார்க்கல. மொத்தத்தையும் போர்டுல கொட்டினேன். காய் எப்படி வழுக்கிச்சு தெரியுமா! ஒரே அடியில சிவப்பு உள்ள! அப்புறம், டப்பா காலியா இருந்தா யாராவது கேப்பாங்களேன்னு கைப்பையில இருந்த முகப்பவுடரைக் கொட்டி மூடி வெச்சேன். மறுநாள் மாத்திக்கலாம்னு... மறந்தே போச்சு...

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? டப்பாவை எதுக்குத் திறக்கிறீங்க... மோந்து வேற பார்க்கிறீங்க...

ஐயையோ, அது விதைப்பொடி டப்பாவா!

கமகமன்னு இருக்கா?

அடிப்பாவி... நானா? சார், ஹீட்டர்ல ஒரு சின்னத் திருகாணியாவது லூசா இருக்கக் கூடாதா? நீங்க நல்லா இருப்பீங்க சார்... சார், பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? அது மேனேஜர் ரூமுக்குப் போற வழியாச்சே!

நில்லுங்க. டப்பாவை என் கையில குடுங்க, நானே போய்ச் சொல்றேன். அந்தப் புள்ளைய ஊரறியத் திட்டின வாயாச்சே, இதையும் அதுவே சொல்லட்டும்.

ஆனா சார்... ஃபைனல்ல ஜெயிச்சது நான்தான். அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.