முப்பத்தொரு பேருக்கும் வலி இல்லை

அடுப்புப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள் என்று என் மனைவி, கெஞ்சே என்று பெயர், இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது நனைந்த காலணியை. நான் வைத்தது ஊரிலுள்ள முப்பத்தொரு வயசாளிகளின் ஆறு மாத வைட்டமினை.

டீ ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி. விசாரிக்கப் போகும் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று உங்கள் அலுவலகத்தில் விதி இருக்கும். நானும் விதிப்படி நடக்கிறவன்தான். நீங்கள் ஷெய்ஷென் சித்தப்பாவின் இடுப்புக்காக வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். மார்ச் மாதம் அவருக்கு நடந்திருக்க வேண்டிய அறுவைச் சிகிச்சை ஏன் நடக்கவில்லை, பட்டியலில் அவர் பெயரை அடித்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான் அடித்தேன். நீலப் பேனாவால், அளவுகோல் வைத்து நேராக அடித்தேன். ஏன் என்று சொல்ல வைட்டமினிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் ஜெனிஷ். வெற்றி என்று அர்த்தம். அப்பா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். நான் முழு டாக்டர் இல்லை. ஊசி போடுவேன், பிரசவம் பார்ப்பேன், எலும்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவேன். ஊர்க்காரர்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை.

போன வருஷம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் ஆய்வுக் குழு எழுதியது. வயதானவர்களின் உடம்பு வலிக்கு வைட்டமின் டி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல் இருக்கும் வெறும் எண்ணெய் மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

நவம்பரில் எல்லோரையும் சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி முதல் கணக்கெடுத்தேன். எழுபது வருஷத்தில் அவர்களிடம் எவ்வளவு வலிக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வரிசையில் சண்டையே வந்துவிட்டது. "அவளுக்கே பத்துன்னா எனக்குப் பன்னெண்டு போடு டாக்டரே" என்று ஒரு குரல். "பத்துக்கு மேல கிடையாதுங்க" என்றேன். "அப்ப அவளோடதைக் குறை."

ஷெய்ஷென் சித்தப்பா கடைசியாக வந்தார். அப்பாவின் கூட்டாளி, முப்பது வருஷம் கணவாய் தாண்டி லாரி ஓட்டியவர், எழுபத்து நான்கு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, உட்காராமல் நின்றபடி, "ஒம்பது" என்றார். "ஒண்ணைக் கையில வச்சுக்கறேன், பின்னாடி தேவைப்படும்."

மருந்துப் பெட்டி டிசம்பரில் வந்தது. உறையவிடக் கூடாது என்று மேலே சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஆகவே பெட்டியை அடுப்புச் சுவரின் மேல் வைத்துவிட்டு, மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால், ஒவ்வொரு புட்டியிலும் மாத்திரைகள் உருகி ஒன்றாகி, தச்சர்கள் வைத்திருக்கும் பசைபோல ஒரே மஞ்சள் கட்டி.

குழுவுக்கு எழுதியிருக்கலாம். மருந்து கெட்டால் அந்த ஊர் ஆய்விலிருந்து நீக்கப்படும் என்று அவர்கள் முதல் கடிதத்திலேயே இருந்தது. வயசாளிகள் அந்த மருந்துக்காக, வெளியூரிலிருந்து வரும் மகனுக்குக் காத்திருப்பதைப் போலக் காத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு இளகின மனசு. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கெஞ்சே கோடையில் கூரைமேல் காயவைத்த குரூத் ஒரு மூட்டை இருந்தது. வடித்த தயிரை உப்புப் போட்டு உருட்டிக் கல்லாகக் காயவைப்பதுதானே. அதை ஊறவைத்து, பட்டாணி அளவில் உருட்டி, கேரட் சாறில் புரட்டி, வெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினேன். ஐயாயிரத்துச் சொச்சம் உருண்டைகள். கை வீங்கிவிட்டது. என் வலியை மட்டும் நான் எங்கும் பதியவில்லை.

இதில் அநியாயம் என்று எதைச் சொல்வீர்கள்? பாதிப் பேருக்குப் பொய் மாத்திரை கொடுப்பது என்று முடிவெடுத்தது ஆய்வுக் குழு. மீதிப் பாதிக்கும் நான் அதை நீட்டித்தேன். ஊரில் முதல்முறையாக ஒரு சலுகை எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

கெஞ்சே ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இதையா மருந்துன்னு குடுக்கப் போறீங்க?"

"வயசானவங்கதானே. கண்ணு சரியாத் தெரியாது."

"கண்ணு போயிருக்கும், பல்லு போயிருக்கும். நாக்கு போகலீங்க."

அவளுக்கு ஆய்வு முறை தெரியாது.

வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தால் ஒருவர் புட்டியை ஒருவர் திறந்து பார்ப்பார்கள். ஆகவே வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணையும் அங்கேயே கேட்டு எழுதினேன். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விரிப்பு விரிப்பார்கள், ரொட்டி வைப்பார்கள், முதல் துண்டைப் பிட்டு நம் கையில் கொடுத்த பிறகுதான் பேச்சு.

முதல் மாதமே வித்தியாசம் தெரிந்தது. நவம்பரில் பத்துக்குச் சண்டை போட்டவர்கள், இரண்டு என்றார்கள், ஒன்று என்றார்கள். "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையுமில்ல, சாப்பிடுங்க டாக்டரே." முப்பத்தொரு வீட்டிலும் இதே பதில். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஷெய்ஷென் சித்தப்பா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். நான் வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே, சுவரைப் பிடித்து நடந்த மனிதர், உட்கார்ந்த இடத்திலிருந்து தானே எழுந்தார். கதவு வரைக்கும் வந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பற்றிக் குலுக்கினார். நெற்றி முழுக்க வியர்வை. உடம்பில் சூடு ஏறுகிறது, நல்ல அறிகுறி என்று குறித்துக்கொண்டேன்.

"வலி எவ்வளவு சித்தப்பா?"

"வலியா? ரொட்டியை எடு முதல்ல."

"எண் சொல்லணும். மேலிடத்துக்கு எழுதணும்."

"ஒண்ணுன்னு போட்டுக்கோ. ஒண்ணுமேயில்லன்னு போட்டா நம்ப மாட்டாங்க."

அவர் மனைவி உம்சுனாய் சித்தி டீ ஊற்றிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள். "ஏம்பா ஜெனிஷ், ராத்திரியெல்லாம் இந்த மனுஷன்..." என்று ஆரம்பித்தாள்.

"வந்த ஆளு சாப்பிடட்டும்" என்றார் சித்தப்பா.

சித்தி மறுபடி ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, "மருந்து நல்லாத்தான் இருக்கு. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவை பார்த்துப் போடச் சொல்லு உன்..." என்றாள். சித்தப்பா இருமினார். "உன் ஆபீசுக்காரங்களை" என்று முடித்தாள்.

நாக்கில் லேசான உவர்ப்பு என்று பக்கவிளைவுப் பகுதியில் எழுதினேன். நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் என் எண்களைப் பார்த்து ஆய்வுக் குழு பாராட்டி எழுதியது. எட்டரையில் இருந்த சராசரி ஒன்றேகாலுக்கு இறங்கியிருந்தது. வேறெந்த ஊரிலும் அப்படி இல்லையாம். மாவட்டத்திலிருந்தும் கேட்டார்கள்: மாதாமாதம் எலும்பு டாக்டரோடு வரும் வேன் உங்களுக்கு இன்னும் தேவையா? நான் பேராசைக்காரன் இல்லை. எங்கள் ஊரில் எலும்பு வலி இல்லை, தேவைப்படும் ஊருக்கு அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். அலமாரியில் இருந்த வலி மாத்திரைகளையும் உபரி என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மார்ச்சில் அறுவைச் சிகிச்சைப் பட்டியல் சரிபார்க்க வந்தது. ஷெய்ஷென், இடுப்பு மூட்டு, ஆறு வருஷமாகக் காத்திருப்பவர். என் நோட்டில் அவருக்கு எதிரே நான்கு மாதமாக ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஒன்று வலிக்கிற மனிதரை அறுத்துப் பார்ப்பது கொடுமை. அளவுகோலை எடுத்தேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். கத்தி உங்களைத் தொடாது சித்தப்பா, பேரை எடுத்துட்டேன். ரொட்டி அவர் கையில் இருந்தது. அதை விரிப்பில் திரும்ப வைத்தார். பிறகு, "நீ நல்லா இருக்கணும்பா" என்றார். சித்தி எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

மே மாதம் மேய்ச்சல் நிலத்துக்குக் கிளம்பும்போது, குதிரைச் சேணத்தைப் பிடித்தபடியே விழுந்தார். தேய்ந்து தேய்ந்து காகிதமாகியிருந்த எலும்பு முறிந்துபோனது. இனிக் குதிரை கிடையாது, நடப்பதும் சந்தேகம் என்கிறார்கள். மார்ச்சில் செய்திருந்தால் நடந்திருப்பார் என்றும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிற டாக்டர்கள் என் நோட்டைப் பார்க்கவில்லை.

நேற்று நீங்கள் முப்பது வீடும் ஏறி இறங்கினீர்கள். என்ன சொன்னார்கள்? மருந்து பிரமாதம், வலியே இல்லை, ஜெனிஷ் தங்கமான பிள்ளை. முப்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் என்னைக் குற்றவாளி என்றால், ஒரு ஊரே பொய் சொல்கிறது என்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்தவரிடம் யாரும் வலியைச் சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள் இப்போது சொன்னதைக் கேட்டேன். அது ஒரு கருத்து. என்னிடம் இருப்பது எண்கள்.

குரூத்தில் குணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் யோசித்து நானே அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் மாதம் தவறாமல் ஒருவன் பனியில் நடந்து வந்து, உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டானே, அது கேட்டிருக்கிறது. மருந்து மாத்திரையில் இல்லை, என் வருகையில் இருந்திருக்கிறது. இதை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

இதை உறுதிசெய்துகொள்ளத்தான் இன்று காலை, நீங்கள் வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பத்தொன்றாவது ஆளின் வாக்குமூலம் உங்களிடம் இல்லையே, நானே வாங்கித் தரலாம் என்று. சித்தப்பா காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். விரிப்பு இல்லை, ரொட்டி இல்லை. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. உட்கார இன்னொரு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே கேட்டேன். மருந்தை விடுங்கள் சித்தப்பா, நான் வந்து போனதில் உங்களுக்குக் கொஞ்சமாவது வலி குறைந்ததா?

 அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"தினமும் வலிச்சுதுடா ஜெனிஷ். நீ வர்ற நாள்லதான் தாங்க முடியாது. வீட்டுக்கு ஆளு வந்தா எந்திரிச்சு நிக்கணுமே."