மலைப்பக்கம் ஒடிச்ச வண்டி

— பிரேக் எண்ணெய் கொறையவே இல்லையேடா சாமிநாதா. டப்பாவுல கழுத்து வரைக்கும் நிக்குது, பாத்துக்க.

— நல்லாப் பாத்தீங்களா பாய்?

— இந்தப் பிச்சை முகம்மது வத்தலக்குண்டுல பட்டறை போட்டுப் பதினாறு வருசமாச்சு. எண்ணெயப் பாக்கத் தெரியாதா? நாலு சக்கரத்துப் பைப்பையும் தடவிப் பாத்துட்டேன், ஒரு சொட்டு ஈரமில்ல. வெளிய நின்னபடியே பெடலக் கையால அமுக்குனேன். கல்லு மாதிரி நிக்குது.

— உள்ள உக்காந்து மிதிச்சுப் பாருங்க.

— எங்கிட்டு உக்கார? சீட்டு முன்னால போய்க் கெடக்கு, ஸ்டியரிங்கு வயித்துல இடிக்குது. இரு, பின்னால தள்ளிக்கிறேன்.

— தள்ளாதீங்க பாய்.

— ஏன்?

— சும்மாதான். அது அப்பிடியே கெடக்கட்டும்.

— சரி விடு. மோதுன வேகத்துல நகண்டிருக்கும். டீயப் பாரு, ஆறி ஆடை படிஞ்சிருச்சு. குடி.

— குடிக்கிறேன்.

— மூணு நாளா இதத்தான் சொல்ற. காரியம் என்னைக்குன்னு வச்சிருக்கு?

— அத்தை தேதி சொன்னாங்க. மறந்துட்டேன்.

— என்னத்தச் சொல்ல. பொஞ்சாதியப் பறிகொடுத்தவன்கிட்ட என்னத்தச் சொல்ல. போன மாசம் வந்தப்பக்கூட லீலா இந்த பெஞ்சுல உக்காந்து, டைனமோ எதுக்கு, கிளச்சு எதுக்குன்னு என் உசுர எடுத்தா. ஒம் புருசன் சோலிக்கு ஒல வைக்கப் போறியா தாயின்னு கேட்டேன். சிரிச்சா.

— ம்.

— இங்கிட்டு வா. முன் சக்கரத்து டிரம்மக் கழட்டிருக்கேன். பிரேக் கட்டையில வெரல வச்சுப் பாரு.

— வழுவழுன்னு இருக்கு.

— வெந்து கண்ணாடியாயிருச்சு. மோந்து பாரு, கருகுன வாடை இன்னும் போகல. இம்புட்டுச் சூடு ஏறுனா கட்டை புடிக்காது. ஏறி நின்னு மிதிச்சாலும் வழுக்கிக்கிட்டே போகும். ஆறுன பெறகு ஒண்ணுந் தெரியாத பிள்ளை மாதிரிப் புடிக்கும். இது பிரேக்கு கெட்டதில்லடா. புடிச்சுப் புடிச்சே எரிச்சது.

— ம்.

— கியரு நியூட்ரல்ல கெடக்கு. சாவியும் அணைச்சுக் கெடக்கு. எங்க அணைச்சது?

— பெருமாள்மலை தாண்டுனதுமே.

— எல்லாப் பயலும் இதத்தான் செய்றீங்க. எறக்கந்தான, எஞ்சின அணைச்சா பெட்ரோல் மிச்சம். ரெண்டாவது கியர்ல விட்டிருந்தா எஞ்சினே வண்டிய இழுத்துப் புடிச்சிருக்கும். அத விட்டுட்டு அம்புட்டு மைலும் வெறும் பிரேக்குலயே எறங்கிருக்கு.

— ஆமா பாய்.

— நாளைக்கு வெள்ளனே திண்டுக்கல்லுல இருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாக்க வர்றாரு. வண்டியப் பிரிச்சவன்னு மொதல்ல எங்கிட்டத்தான் கேப்பாரு. நியூட்ரல்ல விட்டான்னு சொன்னா ஒன் லைசென்ஸ் போச்சு. ஆளு செத்திருக்கு, செயிலும் உண்டு.

— தெரியும்.

— அதனால நான் சொல்றதக் கேளு. கியரப் போட்டு வச்சிருவோம். கட்டையக் கழட்டிட்டுப் பழசு ஒண்ண மாட்டி, பைப்புல ஒரு நட்ட அரைத் திருகு தளத்தி விட்டா எண்ணெய் ஒழுகிரும். பிரேக்கு போச்சுன்னு எழுதிட்டுப் போயிருவாரு. இத நான் யாருக்கும் செஞ்சதில்ல, பாத்துக்க.

— வேணாம் பாய்.

— ஏலே கிறுக்கா. கண்மணிக்கு நாலு வயசு. ஆத்தாளும் இல்ல, அப்பனும் செயிலுன்னா அந்தப் பிள்ளை என்னாகும்?

— அய்யம்பாளையத்துல அம்மாச்சிகிட்ட இருக்கா. இருந்துக்கிருவா.

— எத்தனை நாளைக்கு?

— டிரைவர் தப்புன்னே சொல்லுங்க. ஓட்டுனது சாமிநாதன், அணைச்சது சாமிநாதன். வேற பேரு வேணாம்.

— வேற பேரு என்னடா வரப்போகுது?

— வரக்கூடாது.

— கதவு தொறந்துக்கிட்டு அவ விழுந்தா, அதுக்கு நீ என்ன செய்வ? அத நெனச்சு நெனச்சு ஒனக்குப் புத்தி கலங்கிப் போச்சு.

— எதையும் மாத்தாதீங்க பாய். ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.

— சரி, கையக் கீழ போடு. மாத்தல. ஆனா நான் பாத்த இன்னொண்ணையும் அவருகிட்டச் சொல்லத்தான் செய்வேன். நேத்து அந்த வளைவுக்குப் போயி டயர்த் தடத்தப் பாத்துட்டு வந்தேன். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பிரேக்கு புடிக்கல, கண்ணு முன்னால வளைவு. எந்த டிரைவருக்கும் கை ஒதறும். ஒனக்கு ஒதறல. ஸ்டியரிங்க ஒரே ஒடிப்பா மலைப்பக்கம் ஒடிச்சு மண்மேட்டுல ஏத்தி நிப்பாட்டிருக்க. பள்ளத்துல போயிருந்தா ரெண்டு பேருமே இல்ல. இன்னைக்கு நீ எம் முன்னால நிக்கிறது அந்த ஒரு ஒடிப்புனாலதான். அதையும் எழுதச் சொல்லுவேன்.

— அத ஒடிச்சது நான் இல்ல பாய். நான் எடது சீட்டுல உக்காந்துக்கிட்டு, எஞ்சின அணைச்சிரு லீலான்னு மட்டுந்தான் சொன்னேன்.