வெளுத்த நாற்று

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தை அகற்றும்வரை, ரிஷிவந்தியம் போகும் எங்கள் பஸ் வெயிலில் நின்றது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் ஒரு கூடை நிறையக் கொட்டாங்குச்சிகள், ஒவ்வொன்றிலும் மிளகாய் நாற்று. பக்கத்தில் துப்பட்டி போர்த்தியிருந்தவள் கூடையையே பார்த்தாள்.

“உங்க வூட்ல ஒரு மாசமா சன்னலே தொறக்கலியா?”

“யாரு சொன்னது?”

“நாத்தைப் பாத்தாத் தெரியுதே. நூலாட்டம் நீண்டுக்கினு நிக்குது. வெளிச்சம் பட்டாதான் தண்டு கெட்டியாவும். தெனம் கையாலயாவது தடவிக் குடு, காத்து பட்ட மாதிரி இருக்கும்.”

“அதெல்லாம் தடவிக்கினுதான் இருக்காரு. உள்ளயே கெடக்கறவருக்கு வேற இன்னா வேல.”

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வூட்டுக்காரரு போராட்டத்துல மரம் வெட்டப் போனாரு, அக்கா. போலீசு தேடுது. அதான் கதவு, சன்னல் எல்லாம் சாத்தியே வெச்சிருக்கேன். நாத்தையாவது அம்மா வூட்ல நடலாம்னு போறேன்.”

ஒரு கான்ஸ்டபிள் பஸ்ஸில் ஏறி, சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கூடையருகே நின்றார்.

“யாரு வூட்டு நாத்து இது? வெயிலே படாம வெளுத்துக் கெடக்கு?”

துப்பட்டிக்காரி கூடையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“எங்க வூட்டுதுங்க. கடைக்குப் பின்னால ஒரே ரூம்பு. சன்னலே கெடையாதுங்க.”

அவர் இறங்கிப் போனார். பஸ் கிளம்பிய பிறகும் துப்பட்டிக்காரியின் கை நாற்றுகளை மேலாகத் தடவிக்கொண்டே இருந்தது.